ஒரு சாண் குச்சி

பருவம் தொடங்கிவிட்டால் ரிப்பன்காரம்மா பற்பசையைத் தொடுவதில்லை. வெறும் பிரஷ், வெறும் தண்ணீர். மதியம் வரைக்கும் காபி கிடையாது. வெங்காயம், பூண்டு, வெடித்த உதட்டுக்குத் தடவும் களிம்பு, எதுவும் கிடையாது. "வாயில புதினா வாசம் ஒட்டிக்கிச்சுன்னா அன்னிக்கு ஒரு கொடியும் பெயிலாகாது" என்பார். வெறும் வயிறும் அகலத் தொப்பியும் இடுப்பில் சின்ன மடக்குக் கத்தியுமாக அவர் பந்தல் வரிசைக்குள் நுழையும்போது இலையில் பனி காய்ந்திருக்காது. ஒரு திராட்சையைப் பறிப்பார், மெல்லுவார், கண்ணை மூடிக்கொள்வார், கையிலிருக்கும் வாளிக்குள் துப்புவார். அடுத்த கொடி. இத்தனை வருடம் இந்த அம்மா சர்க்கரை வியாதியிடமிருந்து தப்பியது துப்பியதால்தான் என்று திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பேச்சு உண்டு.

மணிக்கட்டில் ஒரு மஞ்சள் ரிப்பன் சுருள் தொங்கும். பழம் தேறவில்லையென்றால் ஒரு முழம் கிழித்துக் கொடியின் கழுத்தில் கட்டிவிடுவார். ரிப்பன் விழுந்த கொடிக்கு அடுத்த நாள் கடப்பாரை, அதற்கடுத்த நாள் நெருப்பு. பட்டம், பதவி எல்லாம் அறைக் கதவில் எழுதியிருந்தாலும் தோட்டத்துக்காரர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. "ரிப்பன்காரம்மா வர்றாங்க, எல்லாரும் ஒழுங்கா நில்லுங்கடா" என்று கொடிகளைப் பார்த்து அவர்கள் சொல்வது அவர் காதிலும் விழும். சிரித்துக்கொண்டே இன்னொரு முழம் கிழிப்பார்.

விதையில்லாத திராட்சை. கழுவி அப்படியே வாயில் போட்டு மெல்லுகிற, துப்ப ஒன்றும் மிஞ்சாத ஒரு புது ரகம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நிலையம் இந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கிறது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பதெல்லாம் திராட்சையிடம் செல்லாது. நல்ல தாய், நல்ல தந்தை என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தாலும் பிறக்கும் ஆயிரம் பிள்ளையும் ஆயிரம் விதம். ஒன்று புளிக்கும், ஒன்று தொட்டால் உதிரும், ஒன்று மழைத்துளி பட்டாலே வெடித்துக்கொள்ளும். அவற்றை அவர் திட்டும் திட்டைக் கேட்கவே சிலர் பின்னால் நடப்பார்கள். "இதுக்குப் பேரு தோலா? செருப்பு தைக்கலாம்." "பாக்க ராணி, கடிச்சா தண்ணி." "உன்னை நம்பி மூணு வருஷம் உரம் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "நாக்கு சொந்தக்காரன் மாதிரி, பிடிச்சவனுக்கு ஒரு மார்க் கூடப் போடும். கத்தி போடாது." பழம் எவ்வளவு ருசித்தாலும் பத்துப் பழத்தைப் பறித்து நடுவே பிளந்து பார்ப்பார். விதையில்லாத திராட்சை என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. தொடங்கி, பாதியில் கருகிப்போன ஒரு பொட்டு இருக்கும். அது மெத்தென்று இருந்தால் பல்லுக்குத் தெரியாது, பிழைத்தது. எள் மாதிரி கெட்டியாக இருந்தால் ரிப்பன். எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் பழத்தட்டு வந்தவுடன் இந்த அம்மாவின் கை இடுப்புக்குப் போகும். கத்தியை எடுத்து விருந்துத் திராட்சையை வகிர்ந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மகள் மேசைக்கடியில் அவர் காலை மிதிப்பாள். "விடும்மா, அவங்க என்ன பரிட்சைக்கா வெச்சிருக்காங்க?"

அவர் உண்டாக்கிய ரகம் ஒன்று கடைகளில் ஓடுகிறது, அதுவும் சக்கைப்போடு போடுகிறது. பிளாஸ்டிக் பெட்டியில், பளபளவென்று, கப்பலில் ஒரு மாதம் போனாலும் சுருங்காமல் இருக்கும். பாராட்டு விழா நடந்தது, கேடயம் கொடுத்தார்கள். கேடயம் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. "அது வியாபாரிங்க பழம். சர்க்கரைத் தண்ணிக்கு நல்ல சட்டை போட்டு விட்ட மாதிரி" என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுவார். அவர் மனதில் இருப்பது வேறொரு பழம். அதைத் தின்றவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் இவருடைய வீட்டுக்காரர்.

வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. "ஏறி இறங்கியே காலம் போச்சு, சேர்ந்த இடம்னு ஒண்ணும் இல்ல" என்று தன்னைத்தானே கிண்டலடிக்கும் ஆள். மனைவி நாளெல்லாம் பழத்தோடு மல்லுக்கட்ட, இவர் பழம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். "பழமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போறது. நமக்கு என்ன வியாதி?" பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கோடையில், அம்மா வழக்கமாக வரும் பேருந்து நின்றுபோனதால், அழைத்துப்போக ஸ்கூட்டரில் நிலையத்துக்கு வந்தார். வெயில் என்றால் அப்படியொரு வெயில். முதல் முறையாகக் காய்த்திருந்த இளங்கொடிகளின் பந்தலுக்கடியில் ஒதுங்கி நின்றார். அம்மா வாளியைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது ஒரு குலை முழுவதையும் தின்று முடித்துவிட்டு, காம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி அத்தனை காலத்தில் அந்த மனிதர் திராட்சை தின்று அவர் பார்த்ததே இல்லை.

"இது பேரு என்ன?"

"பேரெல்லாம் வைக்கல. கழுத்தைப் பாருங்க, ரிப்பன் கட்டியிருக்கேன். நாளைக்குப் பிடுங்கிடுவாங்க."

"ஏன், என்ன தப்பு பண்ணுச்சு?"

"விதை இருக்கு. வெட்டிப் பாத்துட்டேன்."

"எனக்கு ஒண்ணும் தட்டலையே."

"உங்களுக்கு எப்பதான் என்ன தட்டியிருக்கு?"

அவர் சிரித்தார். பிறகு, எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத அந்த மனிதர், காம்பைக் கீழே போடாமலே சொன்னார்: "ஒரு வருஷம் விட்டுப் பாரேன். எனக்காக." அம்மா ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டே பதில் சொன்னார்: "வீட்டுக்காரர் நாக்குக்கெல்லாம் கொடி வளக்க ஆரம்பிச்சா நிலையத்தை மூடிட்டுப் போக வேண்டியதுதான்." நல்ல பதில். மறுநாள் நிலையத்திலும் அதைச் சொல்லிச் சிரித்தார். கொடியைப் பிடுங்கினார்கள்.

உண்மையில் அம்மாவின் நாக்கும் அந்தப் பழத்துக்கு மயங்கித்தான் இருந்தது. பல் பட்டதும் நொறுங்கும் சதை, பின்னாலேயே வரும் ஒரு மெல்லிய புளிப்பு, கடைசியில், விழுங்கிய பிறகுதான் தெரிகிற ஒரு பூவாசம். கண்ணைத் திறக்க மனமில்லாமல் நின்றிருந்தார். அதனால்தான் சந்தேகம். சொந்தக்காரன் மார்க் போடுகிறான் என்று கத்தியை எடுத்தார். பத்தில் ஏழு பழத்தில் கெட்டிப் பொட்டு. ரிப்பன் கட்டும்போது ஒரு நிமிடம் கை நின்றது என்பதையும், நின்றதற்காகத் தன்னையே கடிந்துகொண்டு முடிச்சை இறுக்கினார் என்பதையும் அவர் இப்போது சொல்கிறார்.

அடுத்த வருடம் வெயில் குறைவு. அதே தாய் தந்தைக்குப் பிறந்த வேறு சில கொடிகள், பழம் பெரிது, அடுத்த கலப்புக்கு உதவும் என்பதற்காக ரிப்பனிலிருந்து தப்பியவை, காய்த்தன. அவற்றிலும் முந்தின வருடம் கெட்டிப் பொட்டு இருந்தது. இந்த வருடம் வெட்டினார். இல்லை. இன்னொன்றை வெட்டினார். இல்லை. கை நிறைய வெட்டினார், எதிலும் இல்லை. பொட்டைக் கெட்டியாக்கியது கொடியின் பிறவிக் குணமல்ல, போன வருடத்து வெயில். அம்மா வரிசை வரிசையாக நடந்து அந்தப் பழைய இடத்துக்குப் போய் நின்றார். குழியை மூடி வேறு கன்று வைத்திருந்தார்கள்.

திராட்சைக்கு விதைகூட வேண்டாம். ஒரு சாண் குச்சியை வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும், அதே கொடி, அதே பழம், அப்படியே வரும். ரிப்பன் கட்டிய அன்று இடுப்பில் கத்தி இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் குச்சி இருந்தது. தோட்டத்து மூலையில் ஊன்றி வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? "பத்து பழம் வெட்டத் தெரிஞ்ச கைக்கு ஒரு குச்சி வெட்டத் தெரியல" என்பார். சொல்லிவிட்டு அந்தக் கையை யாருடையதோ போலப் பார்ப்பார்.

அந்தப் பருவத்தில்தான் ஒரு நாள் சாயங்காலம், வீட்டுக்காரர் மிக்சியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர், தலை நிமிராமல் கேட்டார்: "அந்தக் கொடி இந்த வருஷம் காய்ச்சுதா?" தான் கேட்டுக்கொண்டதால் மனைவி விட்டுவைத்திருப்பாள் என்று நினைத்திருந்திருக்கிறார். வருடம் முழுக்க அப்படியே நினைத்திருந்திருக்கிறார். "பிடுங்கிடுவாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார் அம்மா. "ஓ" என்றார். ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தார். சண்டை போட்டிருந்தால் அம்மா அதை என்றோ மறந்திருப்பார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் அதே தாயையும் அதே தந்தையையும் சேர்த்துவைக்கிறார். லேசுப்பட்ட வேலையல்ல. திராட்சைப் பூ கடுகளவு. அது விரிவதற்கு முன்னால் இடுக்கியால் தொப்பியைக் கழற்றி, உள்ளிருக்கும் ஆண் பாகத்தைக் கிள்ளி, தந்தைக் கொடியின் மகரந்தத் தூளைத் தூரிகையால் தடவி, காகித உறை மாட்ட வேண்டும். ஏணியில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குலைக்கு நூற்றுக்கணக்கான பூ. தாயும் விதையில்லாதவள் ஆகையால் கரு வயிற்றிலேயே கருகிவிடும். கருகுமுன் பழத்தைக் கிழித்துக் கருவை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் சத்துக்கூழின் மேல் வைத்து வளர்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் குப்பிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அதைக் குறைப்பிரசவ வார்டு என்பார். பிறகு தொட்டி, பிறகு நிலம், பிறகு மூன்று வருடக் காத்திருப்பு, பிறகு மஞ்சள் ரிப்பன்.

குப்பிக்காரம்மா ஒரு முறை தாங்காமல் கேட்டேவிட்டார். "அக்கா, நான் சொல்லி உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. அதே அப்பா அம்மாவுக்கு ஆயிரம் புள்ள பொறந்தாலும் போன புள்ள திரும்பி வராது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மா இருக்க முடியல, அதான்."

எட்டாத திராட்சை புளிக்கும் என்று சொல்லிவிட்டு நரி நிம்மதியாகப் போய்விட்டது. இந்த அம்மாவுக்குக் கைவிட்டுப் போன திராட்சை வருடத்துக்கு வருடம் இனித்துக்கொண்டே போகிறது. நரிக்கு இருந்த சாமர்த்தியம் படித்தவர்களுக்கு எங்கே வருகிறது?

இதற்கிடையில் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே ருசியும் போயிற்று. மெல்ல மெல்ல வரும் என்றார் மருத்துவர். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள், வந்தபாடில்லை. எச்சிலும் வற்றிவிட்டது. ரொட்டியை சூப்பில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் இறங்கும், அதுவும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீரோடு. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திராட்சை வாங்கி வந்தார்கள். அதிலும் பாதிப் பேர் வாங்கி வந்தது கடையில் ஓடும் இந்த அம்மாவின் ரகம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார், அம்மாவால் முடியவில்லை.

நாக்கு செத்த நாளிலிருந்து அந்த மனிதருக்கு எல்லாமே பிரமாதம். முன்பெல்லாம் உப்பு ஒரு கல் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். இப்போது தட்டில் எது விழுந்தாலும் "பிரமாதம்" என்கிறார். ஒரு நாள் அம்மா ஞாபகமறதியாகச் சர்க்கரை போடாமல் காபி கொடுத்துவிட்டார். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னிக்கு காபி பிரமாதம்" என்றார். அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

இந்தப் பருவத்தோடு அம்மாவுக்கு ஓய்வு. வாளி, கத்தி, ரிப்பன் எல்லாவற்றிலிருந்தும். அந்தத் தாய் தந்தைக்குப் பிறந்த கடைசித் தொகுதிக் கொடிகள் நிற்கும் துண்டு நிலத்தைக் காலி செய்து வேறு பயிர் வைக்கப்போகிறார்கள். இயக்குநர் நல்ல மாதிரி. "மேடம், அதுல ஏதாவது ஒண்ணு தேறும்னா சொல்லுங்க, உங்க பேச்சுக்காக அது நிக்கும். இல்லேன்னா திங்கட்கிழமை டிராக்டர் விட்டுடறோம்" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அம்மா அந்த வரிசைகளில் இறங்கினார். வழக்கம்போலப் புளிப்பு, தண்ணீர், செருப்புத் தோல். ரிப்பன், ரிப்பன், ரிப்பன். கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில், நடுவாக்கில் ஒரு கொடி. ஒரு பழத்தைக் கடித்தார். நொறுங்கியது. புளிப்பு வந்தது. அசையாமல் நின்றார். பூவாசம் வந்ததா, வந்ததென்று அவராக நினைத்துக்கொண்டாரா?

கை கத்திக்குப் போயிற்று, திரும்பி வந்துவிட்டது. முப்பது வருடத்தில் முதல் முறையாக அவர் வெட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு பழம்கூடக் கடிக்கவில்லை. ஒரு பழத்தில் ஒன்றும் தட்டவில்லை, அது போதும் என்றிருந்தது. வெட்டினால் தெரிந்துவிடும். தெரிந்தால் ரிப்பன் கட்ட வேண்டும். தன் நாக்கை இனி நம்ப முடியாது, அது பன்னிரண்டு வருடமாக ஒரே பழத்துக்கு ஏங்கிக் கிடக்கிற நாக்கு. கேட்க வேண்டுமென்றால் அந்த ருசி அறிந்த இன்னொரு ஆளைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆளுக்கு உப்பும் சர்க்கரையும் ஒன்று. எல்லாம் தெரிந்துதான் குலையைக் காம்போடு கிள்ளி, ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கழுவிப் பீங்கான் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவந்தபோது வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டியின் வயரை மாற்றிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போறோம்?"

"சாப்டுப் பாருங்க."

குரலில் இருந்தது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வயரை வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். "அதுவா?"

"தெரியல. நீங்கதான் சொல்லணும்."

ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். ஒரு மிடறு தண்ணீர் குடித்து இறக்கினார். அம்மா உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதேதான்" என்றார் வீட்டுக்காரர்.

"நிஜமா?"

"அச்சு அசல் அதேதான்மா. அன்னிக்குப் பந்தலுக்கு அடியில நின்னு தின்னேனே. எப்படி மறக்கும்?"

பொய்யென்று தெரியும். பொய்யென்று தெரிந்தும் அந்த அம்மா நாற்காலியை இழுத்தார். இத்தனை வருடம் கழித்து யாரோ வந்து குழியிலிருந்து கொடியை எடுத்து மறுபடி நட்டுவிட்ட மாதிரி இருந்தது. உட்கார்ந்தார். வீட்டுக்காரர் இரண்டாவது பழத்தை எடுத்தார், பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் "பிரமாதம்" என்றார்.

நான்காவது பழத்தில் தாடை நின்றது. ருசி போனாலும் நாக்குக்குத் தொடு உணர்ச்சி போகவில்லை. நாக்கு எதையோ தேடிப் பிடித்துக் கன்னத்துப் பக்கம் ஒதுக்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. இந்த வேலையில் தலை நரைத்த அம்மாவுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பினால் பீங்கான் தட்டில் டக்கென்று கேட்கும்.

"விதையா?"

வாயைத் திறக்காமல் இல்லையென்று தலையாட்டினார். டம்ளரை எடுத்தார். அதில் தண்ணீர் தீர்ந்திருந்தது. ஒரு கணம் அதையே பார்த்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். முதல் முறை இறங்கவில்லை. மறுபடி விழுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, மூடிய கண்ணோரத்தில் நீர் வந்தது. பிறகு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த பழத்துக்குக் கையை நீட்டினார்.

அம்மா குலையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.